சேறு இல்லாத மடையான்

பறவை ஓவியம் என்று நம்மிடையே புழங்குவது பெரும்பாலும் அடையாளச் சீட்டு. அலகின் வளைவு சரி, இறகின் நிறம் சரி. இடம் மட்டும் இல்லை. இது பழைய வியாதி. 1777க்குப் பின் கல்கத்தாவில் மேரி இம்பே என்ற துரைசானிக்காக ஷேக் ஜைனுத்தீன் வரைந்தது அவள் வளர்த்த பறவைகளை. வெள்ளைத் தாளில் ஒரு கிளை போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் ஆடுபன், சுட்ட பறவைகளைக் கம்பி கட்டி நிறுத்தி வரைந்தார். பின்னணிச் செடிகள் பலவற்றை உதவியாளர்கள் போட்டார்கள். இவர்கள் கைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் பறவை முதலில், இடம் பிறகு என்ற வரிசை ஸ்திரப்பட்டுவிட்டது. இன்றைய 'இயற்கைச் சூழல்' ஓவியர் அந்த வெற்றிடத்தில் ஒரு நீர்வீழ்ச்சியை ஒட்டவைக்கிறார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

நான் இருப்பது நெய்வேலியில். 1957ல் தோண்டத் தொடங்கியதிலிருந்து இங்கே நிலம் என்பது மனிதன் புரட்டிப் போட்டது. பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண் குன்றாகக் குவிந்திருக்கிறது. அதில் மரம் நட்டிருக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கிற நீர் வாலாஜா ஏரிக்குப் போகிறது. அந்த வாய்க்காலில்தான் மடையான் நிற்கிறது. மின்கம்பியில் கரிச்சான். மண்கரையில் வளை குடைவது பஞ்சுருட்டானின் சுபாவம். கரையை உண்டாக்கியது ஆறா, எந்திரமா என்று அது விசாரிப்பதில்லை.

இங்கே நான் பார்த்த பறவை ஓவியங்களில் கம்பி இல்லை, மண்மேடு இல்லை, புகைபோக்கி இல்லை. அதெல்லாம் இயற்கையில் சேராது என்பது அவர்கள் கட்சி. பறவைக்கு இல்லாத கூச்சம் ஓவியனுக்கு எதற்கு? இது அழகுணர்ச்சி அல்ல. கிராமங்களைப் பெயர்த்துக் கிடைத்த நிலத்தின் சரித்திரத்தைத் துடைக்கிற காரியம்.

நிற்கிற மடையான் சேற்று நிறம், எழுந்தால்தான் வெள்ளை. சேற்றை எடுத்துவிட்டால் அந்த நிறத்துக்கே அர்த்தமில்லை.

கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. புதுக்கவிதையில் பறக்கிற பறவைக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அது 'விடுதலை', அல்லது 'தனிமை'. தொல்காப்பியம் புள்ளை நிலத்தின் கருப்பொருளாக வைத்தது. அந்தப் பிரக்ஞை செத்துப்போனது என்று ஒப்பாரி வைக்கவும் முடியாது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்தியில், கொல்லையில் கண்டதையும் காட்டில் கண்டதையும் ஒரே மரியாதையோடு எழுதினார்; கோட்டோவியமும் அவரே போட்டார். அவரை இயற்கை ஆர்வலர் என்று ஓரங்கட்டிவிட்டுத்தான் இலக்கியவாதிகள் படிமம் பற்றி விவாதித்தார்கள்.

நெய்வேலி மடையானை வரைய வருகிறவன் முதலில் அந்த வாய்க்கால் நீரின் நிறத்தைக் குழைக்கட்டும். அது சரியாக வந்தால், பறவை எங்கே நிற்கும் என்பது தானே தெரியும்.