உள்ளே எந்தச் சுருள் இருந்தால் என்ன? விற்பவன் உள்ளே போக வேண்டும்!

"இது புது மாடலாக்கும் மக்கா! உள்ளே காயிலே வேற. தடைச் சட்டத்திலே இது வராது" என்று எவனாவது ஒரு குழாயை நீட்டினால் நம்பாதீர்கள். அவன் சொல்வது பச்சைப் புளுகு!

பேனா போல ஒன்று, பென் டிரைவ் போல ஒன்று என்று இ-சிகரெட் போடாத வேஷம் இல்லை. வெளியே மட்டுமா? உள்ளேயும் வேஷம் மாறுகிறது.

சுருளும் திரியும்

இ-சிகரெட்டின் உயிர்நாடி 'ஆட்டமைசர்' என்ற சின்னஞ்சிறு பகுதி. பேட்டரியில் இருந்து மின்சாரம் பாய்ந்ததும் கம்பிச் சுருள் சூடாகும். திரியில் ஊறிய திரவம் ஆவியாகும். அந்த ஆவியைத்தான் உறிஞ்சுகிறார்கள்.

சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுனர் 2003-ல் இதை உருவாக்கியபோது, அதிர்வினால் திரவத்தைத் துளித்துளியாகச் சிதறடித்தார். சூடாகும் சுருள் பிறகு வந்தது. முதலில் பஞ்சடைத்த குழாய்க்குள் சுருள். அடுத்து, கண்ணாடி போன்ற குட்டி டாங்கி. அதில் மேலே சுருள், கீழே தொங்கும் திரி. திரவம் மேலே ஏறாவிட்டால் திரி கருகியது. உடனே சுருளைக் கீழே இறக்கினார்கள். அப்புறம் கம்பிக்குப் பதில் சல்லடைத் தகடு, பஞ்சுக்குப் பதில் செராமிக். இப்போது எல்லாம் ஒன்றாக அடைத்து, தீர்ந்ததும் தூக்கி எறியும் ரகம்!

திரி ஸ்டவ்வும் பம்ப் ஸ்டவ்வும் உள்ளே வேறு வேறுதான். ஆனால் இரண்டிலும் எரிவது மண்எண்ணெய்தானே? இந்தக் கதையும் அதேதான்.

நுரையீரலுக்குள் ஈயம்

திரி காய்ந்து சுருள் அதிகமாகச் சூடேறினால் அந்தத் திரவத்தில் இருந்து பார்மால்டிஹைடு உண்டாகும். பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் பார்மலினில் இருப்பது இதுதான்! ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியில் கலந்து வருவதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் காட்டியது.

திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியவா போகிறது? அமெரிக்காவில் 2019-ல் கிளம்பிய நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் பலியானார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவம். அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கிய எமன்.

சட்டத்தில் ஓட்டை இல்லை

தமிழக அரசு 2018 செப்டம்பரிலேயே தடை போட்டுவிட்டது. மத்திய அரசின் சட்டம் 2019 டிசம்பரில் வந்தது. எந்தப் பெயர், எந்த வடிவம், எந்த அளவாக இருந்தாலும், நிக்கோட்டினே இல்லாவிட்டாலும் தடைதான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. விற்றால் முதல் தடவை 1 வருடம் வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 3 வருடம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம்.

சோதனை போட சப்-இன்ஸ்பெக்டருக்கே அதிகாரம் உண்டு. அப்புறம் என்ன தயக்கம்? பையன் பையில் ஒரு குழாய் சிக்கினால், அவனை மிரட்டி அனுப்புவதோடு போலீசார் விட்டுவிடக் கூடாது. கொடுத்தவன் யார், அவனுக்கு அனுப்பியவன் யார் என்று நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். சரக்கு களியக்காவிளை வழியாக வந்தாலும் சரி, பார்சலில் வந்தாலும் சரி, மொத்த வியாபாரி மாட்ட வேண்டும்.

'பீடி, சிகரெட் மட்டும் கடையில் தொங்கலாமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகப் பிள்ளைகள் கையில் இன்னொரு விஷத்தைக் கொடுக்க முடியுமா?

இதன் எல்லா ரகங்களையும் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் காட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையின் பையில் கிடப்பது பேனாவா, எமனா என்று அப்பா அம்மாவுக்குத் தெரிந்தால்தானே தடுக்க முடியும்?