சினிமா பார்க்க எதற்கு ராட்சதக் கார்டு?

ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கடைக்காரர், அலுவலக நண்பர், ராத்திரி முழுக்க கேம் ஆடும் அக்கா மகன் என எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "4கே டிவிதானே? நல்ல கிராபிக்ஸ் கார்டா போடுங்க, அப்பதான் படம் பளிச்சுனு தெரியும்." விலை கூடினால் படமும் கூடும் என்ற இந்த நம்பிக்கைக்கு அடிப்படையே கிடையாது.

காசுக்கேற்ற தோசை என்பது கேமுக்குப் பொருந்தும். அங்கே ஒவ்வொரு காட்சியையும் கார்டே கணக்குப் போட்டு வரைகிறது. கணக்குப் போடும் கோர்கள் அதிகமானால் காட்சியும் மெருகேறும். சினிமாவில் வரைய ஒன்றுமில்லை. எடுத்து முடித்து, சுருக்கி வைத்த கோப்பை விரித்துக் காட்டினால் போதும். அதற்கென்று சிப்பின் ஒரு மூலையில் தனி டீகோடர் இருக்கிறது. மற்ற கோர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். விரிப்பதிலும் கைவண்ணத்துக்கு இடமில்லை. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏவி1 ஆகிய மூன்று தரநிலைகளும், விரித்தபின் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் என்னவாக இருக்க வேண்டும் என்று துல்லியமாக வரையறுத்துவிட்டன. ஒழுங்காக வேலை செய்யும் எந்த டீகோடரும், அது எத்தனை மலிவானதாக இருந்தாலும், ஒரே விடையைத்தான் தரும்.

சரி, விலை உயர்ந்த கார்டில் டீகோடராவது புதியதாக இருக்காதா? 2015 ஜனவரியில் என்விடியா 199 டாலருக்கு ஜிடிஎக்ஸ் 960 கார்டை வெளியிட்டது. 10 பிட் எச்.265 படத்தை முழுக்கத் தன் டீகோடரிலேயே விரித்துவிடும் கார்டு அது. அதே ஆண்டு ஜூனில் 649 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 980 டிஐ கார்டில் அந்த வசதி முழுமையாக இல்லை. மும்மடங்குக்கு மேல் கொடுத்தவருக்குப் பழைய டீகோடர்தான் வாய்த்தது. 2018இன் உச்சமான ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயும் ஏவி1 கோப்பை விரிக்காது. இரண்டு வருடம் கழித்து வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப்புகள், தனிக் கார்டே இல்லாமல் அதைச் செய்தன. புதியதைப் பார்த்து வாங்கினால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஏஎம்டி 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் ஏவி1 டீகோடர் கிடையாது. அதே குடும்பத்தில் 2020இல் பிறந்த அண்ணன்மாருக்கு இருந்தது.

இதைவிட மோசமானது ஜிபி மோகம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 4 ஜிபி என்று அச்சிட்ட ஜிடி 730 கார்டுகளை இன்னும் விற்கிறார்கள். அதில் இருப்பது எச்.டி.எம்.ஐ. 1.4; 4கே டிவிக்கு நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் அனுப்பாது. எச்.265 டீகோடரும் கிடையாது. 2017இல் வந்த ஜிடி 1030இல் 2 ஜிபிதான். ஆனால் 4கேயில் 60 ஃப்ரேம் அனுப்பும், 10 பிட் எச்.265ஐ விரிக்கும், விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு. ஜிபி எண்ணைப் பார்த்து வாங்குபவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

படம் கெடுவது வேறு இடத்தில். டிஸ்க்கிலும் ஓடிடியிலும் கிடைக்கும் சினிமா பெரும்பாலும் நொடிக்கு 23.976 ஃப்ரேம் கொண்டது. கம்ப்யூட்டரோ டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கும். 60ஐ 24 சரியாக வகுக்காது. அதனால் ஒரு ஃப்ரேம் திரையில் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் நிற்கும். கேமரா மெல்ல நகரும் காட்சிகள் விக்கி விக்கி ஓடும். சரியாக 24 என்று வைத்தாலும் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். கோடி போன்ற பிளேயரில், படத்துக்கேற்ப டிவியின் வேகத்தை மாற்றும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் போதும், செலவு பூஜ்யம். நிறமும் அப்படித்தான். வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும்; கம்ப்யூட்டரின் கணக்கு 0 முதல் 255 வரை. கார்டு ஒன்றை அனுப்பி டிவி மற்றதை எதிர்பார்த்தால், இருட்டுக் காட்சியில் ஆளே தெரியாது, அல்லது கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இதற்காகக் கார்டையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

விதிவிலக்கு உண்டு. புரொஜெக்டரில் எச்டிஆர் படத்தை மேட்விஆர் மென்பொருள் வழியாகப் பதப்படுத்திப் பார்ப்பவர்களுக்கும், குறைந்த தெளிவுள்ள இணைய வீடியோவை, 2023 பிப்ரவரியில் என்விடியா கொடுத்த வசதியால் மெருகேற்றிப் பார்ப்பவர்களுக்கும் கணக்குப் போடும் பலம் உண்மையிலேயே வேண்டும். அவர்கள் சிறு கூட்டம்; தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். கடைக்காரர் சொல்லி வாங்குகிற நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை.

4கே புளூரே டிஸ்க் கதை இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டரில் அதை முறைப்படி ஓட்ட, இன்டெல் பிராசஸருக்குள் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியும் அதன் உள்ளமை கிராபிக்ஸும் தேவைப்பட்டன. 11ஆம் தலைமுறையில் இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. எத்தனை லட்சத்துக்குக் கார்டு வாங்கிச் செருகினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

ஆகவே கடையில் ஜிபியைக் கேட்காதீர்கள். 10 பிட் எச்.265, ஏவி1 இரண்டையும் விரிக்குமா, எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது அதற்கு மேலா, படத்தில் எல்லோரும் மௌனமாகும்போது விசிறி பேசுமா என்று கேளுங்கள். உங்களிடம் உள்ளமை கிராபிக்ஸோடு கூடிய 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ இருந்து, மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ.யும் 2.0 என்றால், கார்டே வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.