மூன்று நாடு ஆறு நாள் வேண்டாம், ஒரு ஏரி போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் நான்கு நாளாக ஒரு டூர் விளம்பரம் சுற்றுகிறது. மே மாதம், ஆறு நாள், மூன்று நாடு, பதினொரு பேர். கடைசி ஒன்றரை நாள் கம்போடியா: காலையில் அங்கோர் வாட், மதியம் பஃபே, சாயங்காலம் ஷாப்பிங், மறுநாள் விமானம். என் மருமகப்பிள்ளை நல்ல மனசோடுதான் ஏற்பாடு செய்கிறார். இருந்தாலும் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பெரியம்மாவுக்குக் கோபம்" என்று ஒருவர், "இந்த வயசுல கொக்கு பாக்கணுமாம்" என்று இன்னொருவர். கொக்கு இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நான் கோபமாகவும் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் புவியியல் சொல்லிக் கொடுத்தவள், ஒரு ஊரை அதன் தண்ணீரை விட்டுவிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறேன், அவ்வளவுதான்.

அங்கோர் ஏன் அங்கே இருக்கிறது? பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கை தூக்கலாம். பக்கத்தில் டோன்லே சாப் ஏரி இருப்பதால். வருஷா வருஷம் மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, அந்த ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல வெள்ள வருஷத்தில் ஐந்து ஆறு மடங்காக விரிகிறது. சுற்றியிருக்கும் காடு தண்ணீருக்குள் போகிறது. 1296இல் அங்கே வந்த சீனத் தூதுக்குழுவில் இருந்த சௌ தாகுவான், பெரிய மரங்கள்கூட நுனி மட்டும் தெரிய மூழ்குவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மீன் அந்த மூழ்கிய காட்டுக்குள் போய்த்தான் கொழுக்கிறது. தண்ணீர் வடியும்போது மனுஷனுக்கும் பறவைக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுச் சிற்பங்களைப் பாருங்கள்: போர்ப் படகுக்குக் கீழே மீனும் முதலையும், பக்கத்தில் சந்தையும் சேவல் சண்டையும். கோயில் கட்டிய கூட்டத்துக்குச் சோறு போட்டதில் அந்த ஏரிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எட்டிக்கூடப் பார்க்காமல், கோபுரத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்தால் அங்கோர் பார்த்ததாகக் கணக்கா?

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழன் என்று ஒரு ஃபார்வர்ட் வருகிறதே, என் மாணவர்களே அதை அனுப்புகிறீர்கள். 'வர்மன்' என்று முடிந்தால் பல்லவனா? அதைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், கெமர் அரசன், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நமக்கும் அவர்களுக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறது: கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. கம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இவ்வளவு பெருமை போதாதா? அடுத்த வீட்டுக்காரன் கட்டிய வீட்டுக்கு நாம் பட்டா கேட்க வேண்டுமா?

இப்போது பறவைக்கு வருகிறேன். ஏரியின் வடமேற்கில் ப்ரெக் டோல் என்று ஒரு காப்பகம். தென்கிழக்கு ஆசியாவில் பெரிய நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களில் முதன்மையானது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா. "இதெல்லாம் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் இருக்கே, அங்கே போனா பஸ் காசோட முடியுமே?" என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் கூந்தன்குளத்துக்குத்தான் போக வேண்டும் என்பதே என் கட்சியும். இங்கே கூழைக்கடாவை அடையாளம் தெரியாதவருக்கு அங்கேயும் தெரியாது. ஆனால் கழுத்தில் பை தொங்கும் வழுக்கைத்தலை கிரேட்டர் அட்ஜுடண்ட் நாரையும், பால்வெள்ளை நாரையும் தமிழ்நாட்டில் எந்தக் குளத்தில் இருக்கின்றன? தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் காட்டுக்குள் சின்னப் படகில் போய், மர உச்சியில் ஆயிரக்கணக்கான கூடுகளைப் பார்ப்பது இங்கே முடியுமா?

செலவு அதிகம்தான். ஒரு நாள் படகுப் பயணத்துக்கு ஆகும் காசு கோயில் டிக்கெட்டையே தாண்டும். ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கூடுகளில் முட்டை எடுத்து விற்றவர்களையே காவலர்களாக வேலைக்கு வைத்து, மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார வைத்துத்தான் அந்தப் பறவைகளைப் பெருக்கினார்கள். அதற்குக் கொடுக்கும் காசு எனக்கு உறுத்தவில்லை. பஃபேக்குக் கொடுப்பதுதான் உறுத்துகிறது. அதோடு, அந்த ஏரி எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மேலே மீகாங்கில் அணைகள், நடுவில் மழை பொய்த்த வருஷங்கள், 2016இல் வெள்ளக்காட்டில் பெரிய தீ.

மே மாதம் போனால் என்ன ஆகும்? ஏரி வற்றி, படகு காட்டுக்குள் போவதே கஷ்டம். கல் பிரகாரத்தில் வெயில் வேறு. "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு அப்பதானே" என்கிறீர்கள். முப்பத்து நான்கு வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவள் சொல்கிறேன், குடியரசு தினத்தை ஒட்டி ஐந்து நாள் லீவு போட்டால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது. பறவைகள் நம் பள்ளிக்கூட நாட்காட்டி பார்த்து முட்டையிடுவதில்லை.

என் திட்டம் இதுதான். ஜனவரி கடைசி வாரம், ஒரே நாடு, ஒரே ஊர், சியம் ரீப்பில் ஏழு இரவு. அங்கோர் டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த நாளில் தீர்க்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். எனவே ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஏரி, ஒரு நாள் காலை நீட்டி ஓய்வு. விடியற்காலையில் குளக்கரையில் ஆயிரம் பேரோடு மொபைலைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போவதில்லை. அந்த நேரத்தில் காட்டுப்பக்கம் நடப்போம். 2013இலிருந்து அங்கே கிப்பன் குரங்குகளைத் திரும்ப விட்டிருக்கிறார்கள், அவை கூவுவது காலையில்தான். வெயில் ஏறியதும் அங்கோர் வாட்டின் சுற்று மண்டபத்துக்குள் போனால் நிழல். பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே கிட்டத்தட்ட 49 மீட்டர், அதற்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. மேல்தளத்துக்கான செங்குத்துப் படி அவருக்கு வேண்டாம், ப்ரெக் டோலில் பரண் ஏணியும் வேண்டாம், படகிலிருந்தே பார்ப்பார். நான் ஏறுவேன். "விழுந்தா யார் பாக்கறது?" என்று கேட்ட சின்ன மருமகளுக்கு: நீதான் பார்க்க வேண்டும் கண்ணு. ஆனால் விழுந்துவிடுவேனோ என்று நீங்கள் பயந்து, எனக்காகப் பஸ்ஸில் உட்கார்ந்தே பார்க்கிற ஊராகத் தேர்ந்தெடுக்காதீர்கள். என் பென்ஷன், என் கால், என் கண். கண் இன்னும் எத்தனை வருஷம் பைனாகுலருக்கு ஒத்துழைக்கும் என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. வேடந்தாங்கலில் கைதட்டிப் பறவையைக் கிளப்பிப் படம் எடுக்கும் ஆட்கள் என் படகில் வேண்டாம். தாய் எழுந்து பறந்த ஐந்து நிமிஷம் போதும், காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற ஓர் ஊரில் மாற வேண்டும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாசமாவது ஆயுள் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இதுவரை நானும் வீட்டுக்காரரும், 1998 செட் மாணவிகள் இரண்டு பேரும். படகில் இன்னும் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் சொல்லுங்கள். மருமகப்பிள்ளை, உங்களுக்கு ஜன்னல் சீட்.