கத்திக்குத் தீட்டு

சீமையில் இப்போது ஒரு புதுத் தீட்டு கிளம்பியிருக்கிறது. நம் நாட்டில் பிள்ளை பெற்றால் தீட்டு, பிணம் விழுந்தால் தீட்டு, மனிதனை மனிதன் தொட்டால்கூடத் தீட்டு என்று வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டு சிரித்த வெள்ளைக்காரன் நாட்டிலே இரும்புக்குத் தீட்டு வந்துவிட்டது. மரம் செதுக்குகிற கத்தி, தோல் சீவுகிற கத்தி, செடி கொடி கழிக்கிற கத்தி முதலியவைகளை ஆன்லைன் அங்காடிக்காரர்களில் சிலர் தங்கள் திண்ணையில் ஏற்றவே மாட்டோம் என்கிறார்கள்.

சங்கதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 29-ந் தேதி, இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்னும் ஊரில், நடனம் கற்க வந்திருந்த சிறு பெண் குழந்தைகள் மூன்று பேரை ஒரு 17 வயதுப் பையன் சமையல் கத்தியால் குத்திக் கொன்றான். கேட்டவர்கள் வயிறு எரியக்கூடிய காரியம் இது. இதை லேசாகப் பேசுகிறவன் மனிதனல்லன். அந்தப் பையன் அமேசான் அங்காடியில் சுலபமாகக் கத்தி வாங்கிவிட்டான், இது பெரிய வெட்கக்கேடு என்று அந்நாட்டு உள்நாட்டு மந்திரி 2025 ஜனவரியில் சொன்னார். வெட்கக்கேடுதான், நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 18 வயதுக்குட்பட்டவனுக்குக் கத்தி விற்பது அந்நாட்டில் அதற்கு வெகு காலத்திற்கு முன்பே குற்றமாய் இருந்தது. அன்றியும் அந்தப் பையன் ஒருவருக்கும் தெரியாதவனல்லன். கத்தி வைத்திருந்ததற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன். கொடுஞ்செயலில் இறங்கக்கூடியவர்களை முன்கூட்டிக் கவனிப்பதற்கென்று சர்க்கார் நடத்துகிற ‘பிரிவெண்ட்’ என்னும் திட்டத்தாரிடம் மூன்று தடவை சொல்லப்பட்டவன். மூன்று தடவையும் பார்த்தார்கள், மூன்று தடவையும் விட்டுவிட்டார்கள். இத்தனை உத்தியோகஸ்தர்கள் கோட்டைவிட்டதைப் பேசுவதைவிட ஒரு துண்டு இரும்பைத் திட்டுவது சுலபமல்லவா? இரும்பு பதில் பேசாது. அதற்கு ஓட்டும் இல்லை.

2019-ம் வருஷத்திலேயே அங்கே தாக்கும் ஆயுதச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். அதன்படி ஆன்லைனில் கத்தி விற்கிறவன் வாங்குகிறவனுடைய வயதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் வாசலில் நின்று வயதைப் பார்த்த பிறகுதான் பொட்டணத்தைக் கொடுக்க வேண்டும். இதை நாம் குறை சொல்ல வரவில்லை. சிறு பையன் கையில் கத்தி போகக் கூடாதென்பதில் யாருக்குத்தான் ஆட்சேபணை இருக்கும்? பிறகு 2024 செப்டம்பரில் ‘ஸோம்பிக் கத்தி’யையும், 2025 ஆகஸ்டில் ‘நிஞ்சா வாளை’யும் தடுத்தார்கள். (பெயர்களைப் பார்த்தாலே சினிமாக் கொட்டகையில் நாமகரணம் செய்யப்பட்டவை என்று தெரியும்.) அவைகளைக் கொண்டு யாரும் காய் நறுக்கப் போவதில்லையாகையால் அதற்காகவும் நாம் அழப் போவதில்லை.

நம்முடைய ஆட்சேபணை எங்கேயென்றால், சட்டம் ஒரு வாசலைக் குறுக்கி வைத்தால் வியாபாரி அந்த வாசலை அடியோடு சாத்திவிடுகிறான் என்பதில்தான். வயதைப் பார்த்து விற்பதற்குச் செலவுண்டு, ஆள் வேண்டும், தவறினால் தண்டனையுண்டு. கத்தி விற்றுக் கிடைக்கும் லாபமோ அவனுடைய கோடிகளில் ஒரு தூசி. ஆகவே ஈபே என்னும் அங்காடி தன் பிரிட்டிஷ் கிளையில், சாப்பாட்டு மேஜைக் கத்தி முதலிய சில வகை தவிர மற்றக் கத்தி வியாபாரத்தையே விலக்கி வைத்துவிட்டது. பேஸ்புக்காரர்களோ தங்கள் விளம்பர விதியில், சமையலுக்கல்லாத கத்திகளைத் துப்பாக்கி, வெடிமருந்துகளோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். இது சட்டமல்ல. எந்தச் சட்டசபையிலும் இதை யாரும் பேசவில்லை, யாரும் ஓட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் ஊரில் இருந்த சிறு கடைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, இனி எதையும் எங்களிடத்தில்தான் வாங்க வேண்டும் என்று ஆக்கிவைத்துக்கொண்ட பிறகு, இந்த அங்காடிக்காரன் வாய்ச்சொல் சட்டத்துக்கு மேலாகிவிடுகிறது.

இதனால் நஷ்டப்படுகிறவன் யார்? கொலைகாரன் நஷ்டப்படுகிறானா? இங்கிலாந்து சர்க்காரின் கணக்கே, கத்தியால் நடக்கும் கொலைகளில் சமையலறைக் கத்திதான் முதலாவது என்று சொல்லுகிறது. அந்தக் கத்தி ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. கொலை செய்ய நினைக்கிறவன் அங்காடிக்குப் போகவேண்டிய அவசியமேயில்லை, நாலு அடி நடந்தால் போதும். நஷ்டப்படுகிறவன் எல்லாம் கையால் உழைத்துத் தின்கிறவன்தான். கரண்டியும் பொம்மையும் செதுக்குகிற தச்சன், குதிரைச் சேணம் தைக்கிற தோல் தொழிலாளி, கூடை முடைகிறவன், திராட்சைக் கொடி கழிக்கிற தோட்டக்காரன், இவர்களுக்கு வேண்டிய கத்தி மளிகைக் கடையில் கிடைப்பதல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு பதம். எங்கேயோ ஒரு மூலையில் ஒருவன் அதை அடித்துக்கொண்டிருப்பான். அவனையும் இவனையும் சேர்த்து வைத்ததே இந்த ஆன்லைன் அங்காடிதான். இப்போது சேர்த்து வைத்தவனே நடுவில் சுவர் எழுப்புகிறான்.

ஷெப்பீல்டு நகரத்தின் பெயர் பொறித்த கத்தியும் கத்தரிக்கோலும் நம் பாட்டனார் காலத்து நாவிதர் பெட்டியில்கூட இருந்ததுண்டு. அந்த ஊர்க் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. ‘சின்ன மேஸ்திரிகள்’ என்று பெயர் சொல்லி, ஒற்றை அறைப் பட்டறையில் தனியாய் உட்கார்ந்து கத்தி செய்கிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். பெரிய கடை வைக்க அவர்களுக்கு முதலில்லை. அவர்களைப் போன்ற தனிக் கைவினைக்காரர்களுக்குத்தான் அங்காடியின் கதவு முதலில் சாத்தப்படுகிறது.

இனி வேடிக்கையைப் பாருங்கள். இதே இங்கிலாந்துச் சட்டங்களில் விலக்குகளும் உண்டு. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கு 1988-ம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொள்ளுகிற காரணங்களில் வேலை ஒன்று, மதம் ஒன்று, தேசிய உடை ஒன்று. 2008-ல் வளைந்த வாளைத் தடுத்தபோது மதக் காரியத்துக்கு விலக்கு வைத்தார்கள். பழைய காலச் சண்டையை நடித்துக் காட்டும் கூட்டத்தாருக்கும் விலக்கு வைத்தார்கள். 2019 சட்டத்தில் சீக்கியர்களுடைய கிர்ப்பானுக்கென்று தனியாக வாசகம் சேர்த்தார்கள். சீக்கியத் தோழர்களைக் குறைகூறுவது நம் நோக்கமல்ல. கிர்ப்பானைக் கட்டினவர் ஊராரைக் குத்தித் திரியவில்லை என்பது நமக்கும் தெரியும். நாம் கேட்பதெல்லாம், கடவுளுக்காகக் கத்தி வைத்திருக்கிறவனை நம்புகிற சமூகம், வயிற்றுக்காகக் கத்தி வைத்திருக்கிறவனை நம்பக் கூடாதா என்பதுதான். மதத்துக்குப் பேச ஆளுண்டு, சங்கமுண்டு, பார்லிமெண்டில் மெம்பருண்டு. கூடை முடைகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? சட்டத்திலாவது வேலை என்ற வார்த்தை இருக்கிறது, அங்காடிக்காரன் விதியில் அதுவும் இல்லை.

நம்மவர்கள் ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் உளிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். இரும்புக்குள் ஏதோ நல்ல சக்தி இருக்கிறதென்று இவர்கள் நினைக்கிறார்கள். சீமைக்காரனோ இரும்புக்குள் ஏதோ கெட்ட சக்தி இருக்கிறதென்று நினைத்து நடுங்குகிறான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கும்பிட்டதால் அரிவாள் கூர்மையாகிவிடவில்லை, சபித்ததால் கத்தி மழுங்கிவிடவும் இல்லை.

இது இங்கிலீஷ்காரன் சங்கதி, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இந்தப் பாடத்தை இங்கிலீஷ்காரன் முதலில் படித்த பள்ளிக்கூடமே நம்முடைய பழைய சென்னை மாகாணம்தான். மலையாள ஜில்லாவில் மாப்பிள்ளைக் குடியானவர்கள் அடிக்கடி கலகம் செய்தபோது, 1854-ல் ‘மலபார் யுத்தக் கத்திச் சட்டம்’ என்று ஒன்று போட்டார்கள். கானலி என்கிற கலெக்டர் ஊர் ஊராய்ப் போய் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளை வாங்கிச் சேர்த்தார். அடுத்த செப்டம்பரில் அந்தக் கலெக்டரையே அவருடைய பங்களாவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். கலகம் நின்றதா? 1873, 1880, 1885, 1894, 1896 என்று வந்துகொண்டேயிருந்தது, கடைசியில் 1921-ல் நாடே பற்றி எரிந்தது. 1881-ல் லோகன் என்பவரை விசாரணைக்குப் போட்டார்கள். ஜன்மிகள் குடிகளை நினைத்தபோது நிலத்தைவிட்டு வெளியேற்றுவதுதான் இதற்கு வேர் என்று அவர் எழுதி வைத்தார். மதவெறி அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றியது என்பது நமது அபிப்பிராயம். கத்தியைப் பிடுங்க 1854-லேயே சட்டம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, குடிகளைக் காப்பாற்ற மலபார் குடிவாரச் சட்டம் செய்ய 1930 வரையில் பிடித்தது. இடையில் எத்தனை பிணம்!

இன்று இங்கிலாந்திலும் 2010-க்குப் பிறகு, வேலையும் போக்கிடமும் இல்லாத வாலிபர்களுக்கென்று இருந்த நிலையங்களுக்குக் கொடுத்த பணத்தை வெட்டினார்கள், பலவற்றை மூடினார்கள். அது செலவுக் கணக்கு. கத்தியைத் தடுப்பதற்குக் காசு வேண்டாம், ஓர் அறிக்கை போதும்.

நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட சாமான்கள் ஆயுதமல்ல என்று தெளிவாய்ச் சொல்லுகிறது. அப்படியிருந்தும் 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் போலீசார், கத்தி அரிவாள் செய்கிற பட்டறைக்காரர்கள் வாங்குகிறவன் பெயரும் விலாசமும் எழுதி வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்றார்கள். திருப்பாச்சேத்திக் கொல்லர் அடித்த அரிவாளைப் பற்றிச் சினிமாக்காரன் பாட்டுக்குப் பேசிக் காசு பண்ணுவான், கேமராவுக்குக் காசு கொடுக்க வேண்டியவர் கொல்லர். அவர் வேறூர் விவசாயிக்குப் பேஸ்புக்கில் விளம்பரம் செய்து விற்கலாமென்றால், அரிவாள் சமையலுக்கல்லாத கத்தி! கருவேலம் வெட்டுகிறவனும், தென்னை மட்டை கழிக்கிறவனும் அமெரிக்காவிலுள்ள கம்பெனிக்காரன் கண்ணுக்கு அடியாட்கள். ஆனால் கருப்பசாமி கோயிலில் ஆள் உயரத்துக்கு மேலே அரிவாள் அடித்துக் காணிக்கையாக நட்டு வைக்கிறார்களே, அதை யாரும் கேட்டதாக நாம் அறியோம்.

ஒரு உயிராவது தப்புமானால் நல்லதுதானே என்று கேட்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தப்புமானால் நாமே முதலில் கைதூக்குவோம். வாசலில் வயதைப் பார்ப்பதால் ஒருவேளை தப்பலாம், அதைக் கண்டிப்பாய்ச் செய்யட்டும். பார்க்காமல் விற்கிற கோடீசுவரக் கம்பெனியைப் பிடித்து, அதற்கு உறைக்கிற தொகையை அபராதமாய் வாங்கட்டும். மூன்று தடவை புகார் வந்தவனை நாலாம் தடவையாவது விடாமல் பார்க்கட்டும். ஆனால் தோல் சீவுகிறவனுக்குக் கத்தி கிடைக்காமல் செய்து எந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள் என்று காட்ட வேண்டிய கடமை தடுக்கிறவர்களுடையது, நம்முடையதல்ல.

கத்தி, அரிவாள், உளி செய்தோ, அவைகளைக் கொண்டு தொழில் செய்தோ ஜீவிக்கிற தோழர்களில், அங்காடிக்காரர்களாலோ போலீசாராலோ வியாபாரம் தடைப்பட்டவர்கள் விவரத்தை இப்பத்திரிகைக்கு எழுதினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்திலுள்ள இயக்கத் தோழர்களிடம் சொல்லி எழுதி அனுப்பலாம்.