மெட்டு ஒன்று, மொழி இரண்டு!

பழகிய பாட்டை வேறு மொழியில் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. "நம் பாட்டைக் கெடுத்துவிட்டார்களே!" என்று சொல்லி, ரேடியோவின் காதைத் திருகி விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள் என்பதே என் கட்சி.

காஞ்சீபுரத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். தறியில் பாவு அப்படியே இருக்கும். ஊடை நூலின் நிறத்தை மாற்றினால், சேலையின் நிறமே மாறிவிடும். நீலமும் பச்சையும் சேர்ந்து மயில் கழுத்து ஆவது இப்படித்தான். பாட்டுக்கு மெட்டுதான் பாவு. வார்த்தைதான் ஊடை.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வேலை அல்ல. காஞ்சீபுரத்தில் சில காலம் வாழ்ந்தவர் முத்துசாமி தீட்சிதர். 1835-ல் மறைந்தவர். கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். ஏறக்குறைய 40 பாட்டுகள்! இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில், அவர் அம்பாளைப் பாடிவிட்டார். என்ன துணிச்சல், பாருங்கள்! பொருளை அவர் மொழிபெயர்க்கவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரர்களும் மொழி மாற்றிப் பாடியிருக்கிறார்கள். 1964 ஜனவரியில் 'பீட்டில்ஸ்' கோஷ்டியார் பாரிஸ் நகரில் தங்கள் பாட்டுகள் இரண்டை ஜெர்மன் மொழியில் பாடினார்கள். ஜெர்மன் மொழியில் இருந்தால்தான் அங்கே விற்கும் என்று கம்பெனி சொன்னது. அரை மனதோடு பாடிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பீட்டர் கேப்ரியல் என்ற ஆங்கிலேயப் பாடகர் அப்படி அல்ல. 1980-ல் தம் இசைத்தட்டு முழுவதையும் ஜெர்மன் மொழியில் மறுபடி பாடினார். 1982-ல் அடுத்த தட்டையும் பாடினார். அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முதல் தட்டில் ஒரு பாட்டின் தலைப்புக்கு 'எல்லை இல்லாத விளையாட்டுகள்' என்று பொருள். ஐரோப்பிய நாடுகள் மோதிக்கொண்ட டெலிவிஷன் போட்டி ஒன்றின் பெயர் அது. ஜெர்மனியில் அந்தப் போட்டிக்கு ஜெர்மன் மொழியிலேயே அதே பெயர்தான். ஆகவே, ஜெர்மானியர் தலைப்பைக் கேட்டதுமே புரிந்துகொள்வார்கள். மொழி மாறினால் லாபமும் உண்டு!

ரோஜா

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1992-ல் மணிரத்னத்தின் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர்.ரகுமானுக்கு அதுதான் முதல் படம். பாட்டுகள் வைரமுத்து. 'சின்னச் சின்ன ஆசை'யைப் பாடிய மின்மினியே இந்தியிலும் பாடினார். குரலும் அதே, மெட்டும் அதே. இந்தி தெரியாத பாட்டிகூட அதற்குத் தலையாட்டுவாள்.

'தமிழா தமிழா' பாட்டில்தான் சிக்கல். தமிழில் அது ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இந்தியிலும் அதே ஹரிஹரன் பாடுகிறார். ஆனால், "பாரதம் எங்களுக்கு உயிரைவிட மேல்" என்ற பொருளில் தொடங்குகிறது. தோளைத் தொட்டுப் பேசியவர் மேடை ஏறிப் பேசுவதுபோல எனக்குப் படுகிறது. இதற்காக எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். டில்லிக்காரனைத் "தமிழா" என்று கூப்பிட முடியுமா?

பெரிய நஷ்டம் கதையில்தான். மொழி தெரியாத தமிழ்ப் பெண் காஷ்மீரத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கிறாள். அவள் பேச்சு அங்கே பலருக்குப் புரியவில்லை. அதுதானே நம்மை அழவைத்தது? அவளும் இந்தியே பேசினால் அந்தத் தவிப்புக்கு இடம் ஏது? பாட்டுகள் பிழைத்துக்கொண்டன. கதைதான் அடிபட்டது.

இன்னொன்று. வைரமுத்துவுக்கும் ரகுமானுக்கும் தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். இந்தியில் எழுதியவர் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பி.கே.மிஸ்ரா என்று எத்தனை பேர் சொல்வார்கள்? தயாராக இருந்த மெட்டுக்குள், வாய் அசைவுக்குள், வேறு மொழியை அடக்கியவர் அவர். வடக்கே வீடுதோறும் அந்தப் பாட்டுகள் நுழைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. மொழி மாறிய பாட்டை ஒலிபரப்பும்போது, முதலில் எழுதியவர் பெயரோடு இரண்டாவதாக எழுதியவர் பெயரையும் ரேடியோவில் சொல்லவேண்டும். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.