ஊசி முனை எங்கே நின்றது?

மூளையினுள் சிறு கட்டியொன்று. ஊசியினாற் துணுக்கெடுத்துச் சோதித்தல் வேண்டும். ஊசி கட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் நல்ல இழையமே கைக்கு வரும்; 'நோயில்லை' என அறிக்கையும் வரும். இதனினும் கொடிய பிழை வேறுண்டோ?

1985இல் அமெரிக்காவின் லோங் பீச் நகரில், தொழிற்சாலைக்கென ஆக்கப்பட்ட 'பியூமா' என்னும் யந்திரக் கை இப்பணிக்கு அமர்த்தப்பட்டது. சி.ரி. ஸ்கான் படம் காட்டிய திசையில் வழிகாட்டுக் குழாயை அது அசையாது பிடித்து நின்றது. ஊசியைச் செலுத்தியவர் வைத்தியரே.

இத்தகைய யந்திரத்தை எவ்வாறு சோதிப்பது? தொழிற்சாலையில், பழக்கிய ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் பிசகாது வந்தாற் போதும். வைத்தியத்திலோ, முன்னொருபோதும் செல்லாத இடத்தை எண்களாற் குறித்துக் கொடுக்க, முதன்முறையிலேயே அங்கு சேர்தல் வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல. நாள்தோறும் சரியாக ஐந்து நிமிடம் பிந்தியடிக்கும் கடிகாரமும் ஒழுங்கு தவறாததே. அதனை நம்பிப் போனவருக்குப் புகைவண்டி கிடையாது! 1988இல் குவோ குழுவினர் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பிலேயே இந்த இரண்டாவது திறனைத் திருத்தியமை பேசப்படுகிறது.

வெறுங்காற்றில் அளந்து, 'ஒரு மில்லிமீற்றருக்குள்' என்று விளம்பரஞ் செய்வாருளர். எங்கே அளந்தீர் என்று நாம் கேட்டல் தகும். திசையில் ஒரு பாகை பிசகினாற் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர் விலகும். மேலும், சரிவாகச் சீவிய முனையுடைய ஊசி இழையத்தினுள் நேரே போகாது, ஒருபுறமாக வளையும். ஆதலின் ஜெலற்றின் கட்டியினுள் சிறுமணிகளைப் புதைத்து, ஊசியைச் செலுத்தி, மறுபடியும் ஸ்கான் செய்து, முனைக்கும் மணிக்கும் உள்ள தூரத்தை அளப்பதே நேர்மையான சோதனை.

இன்னுமொன்று. நோயாளியின்மேல் ஒட்டிய அடையாளங்கள் ஸ்கான் படத்தோடு நன்கு பொருந்தின எனக் கணினித் திரை சிறியதோர் எண்ணைக் காட்டும். காண்போர் மனம் ஆறும். அவ்வெண் சிறிதாயிருப்பதனால் உள்ளேயுள்ள இலக்கிலும் பிழை சிறிதென்று கொள்ளலாகாது என 2009இல் ஃபிற்ஸ்பற்றிக் என்னும் அமெரிக்க அறிஞர் கணிதவாயிலாக நிறுவினார்.

ஜெலற்றின் மூச்சு விடுவதில்லை. ஈரலோ ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஏறியிறங்கும். அதன்பொருட்டு, ஜெலற்றினையே அசையும் மேடைமேல் ஏற்றிச் சோதிப்பாரும் இக்காலத்திலுளர்.