தசமபாகத்தில் ஏழைக்குப் பங்கு எங்கே?

மல்கியா 3-ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கமாவது கேட்காத கிறிஸ்தவர் நம் ஊரில் இருக்க முடியாது. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவராதவன் கடவுளிடமே திருடுகிறான் என்பது அதன் சாரம். சரி, கேட்டுக்கொள்வோம். ஆனால் அதே பழைய ஏற்பாட்டில் உபாகமம் 14 என்று ஒன்று இருக்கிறதே, அதன் கடைசி இரண்டு வசனங்களை வைத்து யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகம் முழுவதையும் ஊரிலேயே வைத்துவிட வேண்டும். லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். லேவியனும் அந்தப் பந்தியில் ஒருவன்தான். பந்தியே அவனுக்காகப் போட்டதல்ல!

நான் பி.காம். படிக்கிறவன். "கொடுங்கள், நூறு மடங்கு திரும்ப வரும்" என்று சொல்லி வாங்கும் பணத்துக்கு எங்கள் பாஷையில் முதலீடு என்று பெயர். இதே வாக்குறுதியை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் போலீஸ் வரும். மேடையில் மைக் பிடித்துச் சொன்னால் ஆமென் வருகிறது.

விதைப்பு, அறுப்பு என்று பவுலும் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சொல்லியிருக்கிறார், 2 கொரிந்தியர் 9-இல். எதற்காகப் பணம் திரட்டும்போது சொன்னார்? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக. கையில் ஒன்றும் இல்லாத மக்கெதோனியா சபைகள் கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, கொரிந்துக்காரர்களைக் கொஞ்சம் உசுப்பேற்றவும் செய்கிறார் (ஆள் கெட்டிக்காரர்). திரும்பக் கிடைப்பதும் இன்னும் தாராளமாகக் கொடுக்கத்தான் என்று அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். கார் வாங்க அல்ல.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு முந்தைய அதிகாரம். அந்தப் பணத்தின் மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தேர்ந்தெடுத்தவர். ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் செக் என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குப் பந்தியில் கவனிப்பு இல்லை என்று புகார் வந்தபோதும், முறுமுறுக்காதீர்கள் என்று யாரும் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். இன்று கணக்கு கேட்டால் 'அபிஷேகம் பெற்றவரைக் குறை சொல்லாதே' என்கிறார்கள். பவுல் அபிஷேகம் பெறாதவரா?

150 வாக்கில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறு காணிக்கை அனாதை, விதவை, நோயாளி, சிறையில் இருப்பவர், ஊருக்குப் புதிதாய் வந்தவர் ஆகியோருக்குப் போனதைச் சொல்கிறார். கிறிஸ்தவத்தை எதிர்த்த பேரரசன் ஜூலியன் 362 வாக்கில் எழுதியதாக உள்ள கடிதத்தில், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்ற புலம்பல் இருக்கிறது. எதிரியின் வாயால் கிடைத்த சர்டிபிகேட்!

நம் கதை? டிசம்பரில் பத்து விதவைகளுக்குச் சேலை, பின்னால் பேனர், முன்னால் கேமரா. வலக்கை இடக்கை சமாச்சாரமெல்லாம் ஃபோட்டோகிராஃபருக்குப் பொருந்தாது போலும்.

ஊழியர் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுங்கள், நன்றாகவே கொடுங்கள். ஆனால் அடுத்த முறை சபையில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து நின்று ஒரே ஒரு தொகையைக் கேளுங்கள்: டிசம்பர் நீங்கலாக, மற்ற பதினோரு மாதத்தில் ஏழைகளுக்குச் செலவானது எவ்வளவு?